கடல் நாளில் காணாமல் போன ஆறுமுகம் ஐயா

"தம்பி, அப்பாவைக் காணோம். இந்தப் பக்கம் வந்தாரா?"

கார்த்திக் சார் இப்படிக் கேட்டபோது ஒரு தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் கரை தெரியாத நாள் அது. ஊரில் ஒருவரைக் காணோம் என்றால் தேடுவதற்குத் தெருக்கள் இருக்கும். நடுக்கடலில் காணோம் என்றால் எல்லோருக்கும் முதலில் ஒரே எண்ணம்தான் வரும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கப்பல் வேலைக்கு வர நினைக்கும் எங்கள் பக்கத்துத் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கீழ்க்கட்டளைக்காரன். அப்பா கொத்தனார். வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான்தான். தாம்பரத்தில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு, ஒரு சுற்றுலாக் கப்பலில் கேபின் ஸ்டூவர்டாக, அதாவது பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பவனாகச் சேர்ந்தேன். ஒன்பதாவது டெக்கில், அதாவது ஒன்பதாவது மாடியில், ஒரு வரிசை கேபின்கள் என் பொறுப்பு. எனக்கு நேர் கீழே, எட்டாவது டெக்கில், அதே வேலையில் வண்டலூர் ஸ்டீபன் அண்ணா.

கடல் நாள் என்றால்

கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் பயணிகள் ஊர் சுற்ற இறங்கிவிடுவார்கள். அறைகள் காலியாக இருக்கும், வேலை மளமளவென்று முடியும். கடல் நாளில் யாரும் இறங்க முடியாது. நேரங்கழித்து எழுவார்கள். ஒருவர் பிறகு வா என்பார், இன்னொருவர் இப்போதே வா என்பார். எந்தக் கதவு திறக்கிறதோ அங்கே நுழைய வேண்டியதுதான்.

அந்தப் பயணத்தில் என் வரிசையின் இரண்டாவது கேபினில் கார்த்திக் சாரும் அவர் அப்பா ஆறுமுகம் ஐயாவும் தங்கியிருந்தார்கள். சாருக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. ஐயா மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மங்கி கேப் போட்டுக்கொண்டு விடிந்ததும் மேல்தளத்துக்குப் போய் டீ குடிப்பார், ஒரு நடை நடப்பார். அவர் சீக்கிரம் கிளம்பிவிடுவதால் தினமும் அந்த அறையில்தான் என் வேலையைத் தொடங்குவேன். அன்று மட்டும் கோடியில் இருந்த கேபின்காரர் முதலில் வரச் சொல்லியிருந்தார். அங்கே போய்விட்டேன்.

"காலைல அவருக்குத் தலை சுத்துச்சு. வாந்திக்கு மாத்திரை குடுத்தேன். டீ குடிச்சிட்டு வரேன்னு போனவர்தான்" என்றார் சார். "மேல ரெயிலிங் ஓரமாத்தான் எப்பவும் நிப்பாரு."

உடனே சூப்பர்வைசருக்கு போன் செய்தேன். ஐயாவின் பெயரைச் சொல்லி அறிவிப்பு வந்தது. அது நடைபாதைகளிலும் பொது இடங்களிலும்தான் கேட்கும், மூடிய அறைக்குள் கேட்காது. உணவுக்கூடம், நீச்சல் குளம், கழிப்பறைகள் என்று ஆட்கள் தேடினார்கள். செக்யூரிட்டி ஆட்கள் கேமரா பதிவைப் பார்க்க உட்கார்ந்தார்கள். அடுத்தது கப்பலைத் திருப்புவதுதான் என்று சூப்பர்வைசர் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

ஒரு மாடி கீழே

அறிவிப்பைக் கேட்டு ஸ்டீபன் அண்ணா படியேறி வந்தார். "இன்னாடா மச்சான், மேல ஒரே பேஜாரா கீது?"

விஷயத்தைச் சொன்னேன். கார்த்திக் சார் சுவரில் சாய்ந்து நின்றார். என்ன கேட்பது என்று தெரியாமல், "சார், ஐயா தினமும் இந்த ரூமை எப்படிக் கண்டுபிடிச்சு வருவாரு? எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்குமே" என்றேன்.

"நம்பர் பாருப்பான்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். கேக்க மாட்டாரு. அந்தத் தம்பி வண்டி நிக்கும், கதவு தொறந்திருக்கும், நேரா உள்ள வந்துடுவேன்னு சொல்லுவாரு."

வண்டி என்றால் என் ட்ராலி. விரிப்பும் துண்டும் அடுக்கி, சுத்தம் செய்யும் அறையின் வாசலில் நிறுத்துவோம். அன்று அது கோடியில் நின்றது. ஐயா தன் வாசலில் வண்டியைக் காணாமல், மாடி தப்பிவிட்டது என்று நினைத்து இன்னொரு மாடி இறங்கியிருந்தால்?

"அண்ணா, காலைல உங்க வண்டி எங்க நின்னுச்சு?"

"ரெண்டாவது கேபின்லதான். ரூம பாதி முடிச்சிட்டு பெட்ஷீட் எடுக்க ஸ்டோர் ரூம் போனேன். வந்து பாத்தா கதவு சாத்திகீது. கெஸ்ட்டு வந்துட்டாங்கன்னு அப்படியே வுட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "வாசல்ல ரப்பர் செருப்பு கூட இருந்துச்சுடா."

அந்தக் கேபினில் இருந்தவர்கள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி.

"வெள்ளைக்காரன் எப்படா வாசல்ல செருப்பு கழட்டிட்டு உள்ள போனான்" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டு ஸ்டீபன் அண்ணா படியில் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

செருப்பு அங்கேயே இருந்தது. சுவரை ஒட்டி, ஜோடியாக. கதவைத் தட்டினோம். பதில் இல்லை. அண்ணா மறுபடி பலமாகத் தட்டினார். கதவு திறந்தது.

"இன்னாபா, இந்தத் தட்டு தட்ற? மாத்திர போட்டவன தூங்க வுட மாட்டியா?"

மங்கி கேப் கண் வரை இறங்கியிருந்தது. கார்த்திக் சார் அப்படியே கார்ப்பெட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, இது உங்க ரூம் இல்ல" என்றேன்.

"வண்டி நின்னுது, கதவு தொறந்து கெடந்துது. இன்னா என் ரூம் இல்ல? நீதான் பெட்டி படுக்கையெல்லாம் எங்கியோ ஒளிச்சு வெச்சிகீற."

"நம்பர் பாக்க மாட்டியாப்பா?" என்றார் சார், கீழே உட்கார்ந்தபடியே.

"நம்பர் பாத்தா நான் தண்ணி லோடு அடிச்சேன்? மேடவாக்கத்துல பாதி வூட்டுக்கு நம்பரே கெடயாது. இன்னாத்துக்குடா தரையில உக்காந்துகினுகீற? எந்திரி."

சார் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். நான் போனில் சூப்பர்வைசரிடம் "கிடைத்துவிட்டார்" என்றேன். அந்தப் பக்கம் அவர் ஒரு பெரிய மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கப்பல் திரும்பவில்லை. தம்பதி நீச்சல் குளத்திலிருந்து வருவதற்குள் நானும் ஸ்டீபன் அண்ணாவும் அந்த அறையைப் புதிதாக விரித்துவைத்தோம்.

கற்றுக்கொண்டது

திறந்த கதவை ஒரு நிமிடத்துக்குக்கூட விட்டுப் போகாதீர்கள் என்று பயிற்சியில் சொல்வார்கள். அது சரிதான். நான் சேர்த்துக்கொண்டது வேறு. ஒருவர் எங்கே போயிருப்பார் என்று நாம் யோசித்தால் நம் பயம்தான் பதில் சொல்லும். அவர் எதைப் பார்த்து நடப்பவர் என்று கேட்டால் வழி தெரியும். இப்போது பயணம் தொடங்கும் நாளிலேயே வயதானவர்களிடம், "ரூமுக்கு என்ன அடையாளம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிடுகிறேன்.

மறுநாளும் கடல்தான். கோடிக் கேபின்காரர் மறுபடியும் முதலில் வரச் சொன்னார். ட்ராலியை ஐயாவின் வாசலில் நிறுத்திவிட்டு, விரிப்புகளைத் தோளில் சுமந்துகொண்டு கோடிக்கு நடந்தேன். ட்ராலியை விட்டு இவ்வளவு தூரம் போவது விதிப்படி தப்பு. எதிரே வந்த சூப்பர்வைசர் என் தோளைப் பார்த்தார், தூரத்தில் நின்ற ட்ராலியைப் பார்த்தார். பாதி விரிப்புகளை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு நடந்தார்.