நாபோத் என்றால் விளைச்சல்

அப்பா பாதிப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் என் தம்பிக்குப் பெயரை முடிவு செய்தார். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, குத்தகைக்கு உழுகிறவர்களின் சின்ன சர்ச் எங்களுடையது. ராஜாவே கேட்டும் பாட்டன் நிலத்தைத் தரமாட்டேன் என்ற நாபோத்தைப் பற்றி உபதேசியார் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒருவர் வந்து "முறைத் தண்ணி திறந்தாச்சு" என்றார். நம் முறையை விட்டால் வாய்க்காலில் தண்ணீர் எப்போது வருமோ! ஆண்கள் மொத்தமும் மண்வெட்டியைத் தேடி எழுந்து போனார்கள். அதற்கெல்லாம் எங்கள் உபதேசியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அம்மா பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். மிச்சத்தைக் கேட்டவர்கள் மற்றப் பெண்களும் சிறுமியான நானும்தான். இரண்டு பொய்ச்சாட்சிகள், ஊருக்கு வெளியே சாகிறவரை கல்லடி, நிலம் ராஜாவுக்கு. எனக்குப் பன்னிரண்டு வயது.

குத்தகையைப் பதிந்துகொள்ளலாம், பிறகு யாரும் நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது என்று புது ஆட்சி சொல்லியிருந்த சமயம் அது. அப்பா மனுக் கொடுத்திருந்தார். எங்கள் ஆண்டையோ, இவன் வெறும் கூலியாள் என்று எதிர்மனுப் போட்டிருந்தார்.

ஞானஸ்நானத்தன்று அப்பா கேட்டார்: "நாபோத்துன்னா என்னங்கய்யா அர்த்தம்?"

உபதேசியார் என்னை ஒருமுறை பார்த்தார். "எபிரேயத்துல முளைக்கிறது, கனி தர்றதுன்னு ஒரு வேர்ச்சொல் இருக்கு. அதுலேருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. விளைச்சல்னு வெச்சுக்கயேன்."

"வயக்காட்டுக்காரன் புள்ளைக்கு வேற என்னங்க வேணும்!" என்று அப்பா பூரித்துப்போனார். கல்லடிக் கதையைச் சொல்லாமல் உபதேசியார் தம்பியைக் கையில் வாங்கிக்கொண்டார். கோழை என்று அவரைப் பல வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். நான் மட்டும் என்ன கிழித்தேன்?

விசாரணைக்கு அப்பா என்னையும் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனார், காகிதம் படித்துச் சொல்ல. எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் ஆண்டைக்குச் சாட்சி சொன்னார்கள். இரண்டு பேர்! அதில் ஒருவர் தம்பியின் ஞானஸ்நானச் சோற்றைத் தின்றவர்.

வெளியே ஆண்டையின் காரியஸ்தர் அப்பாவை ஓரமாக அழைத்தார். "மனுவ வாபஸ் வாங்கிக்க. குடியிருக்கிற மனைய எழுதித் தர்றேங்கறாரு. நாளைக்கு நடவுன்னு வயல்ல எறங்குனா அப்பறம் எங்களக் குத்தம் சொல்லாத."

வீட்டுக்கு நடந்து வரும்போது, மனை எத்தனை அடி வரும் என்று அப்பா தனக்குள் கணக்குப் போட்டார். மனையே போதும் என்று பாதி மனம் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. மதகடியில் நின்று கேட்டார்:

"ஏன் பாப்பா, அந்த நாபோத்து கடைசில என்னதான் ஆனான்? நீ இருந்து கேட்டியே."

உண்மையைச் சொல்லியிருந்தால் மனுவை விட்டிருப்பார். ஆனால் அந்த இரண்டு பேர் மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம். எங்கள் அப்பா ஜெயிக்க வேண்டும்.

"நெலத்த விடலப்பா. அவன் புள்ளைங்களுக்கே வந்துடுச்சு."

அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார். மறுநாள் காலையில் நாற்றுக்கட்டோடு வயலில் இறங்கினார். மத்தியானம் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். உயிர் இல்லை. வரப்பில் தடுக்கி விழுந்தார் என்றார்கள், அதே இரண்டு பேரும். நிலம் ஆண்டைக்கு.

நாபோத்தின் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை என்று வேதத்தில் வேறோர் இடத்தில் வருகிறது. நான் அதைப் படித்த வருஷம் தம்பிக்குப் பதினெட்டு. ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "அப்பா நெலத்துக்கு மனு எழுதிக் குடு அக்கா" என்றான்.