உறக்க டாக்டரின் தங்கை

சென்ற வாரம் என் மகனும் அவனுடைய கூட்டுக்காரனும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வழக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஓர் ஆங்கில விண்வெளிப் படம். அது வந்து வெகுகாலம் கழித்து, அதே கதையை ஒட்டி வேறு யாரோ நாவல்கள் எழுதியிருக்கிறார்களாம். நாவலில் வருகிற வில்லனைப் படத்தின் கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு. படத்தில் இல்லாத சங்கதி இல்லாததுதான் என்றான் மகன். எழுதி அச்சில் வந்துவிட்டால் அதுவும் உண்டுதான் என்றான் மற்றவன். பத்தாம் வகுப்போடு நின்றுபோனவளிடம் இதில் அபிப்பிராயம் கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. நான் தோசை ஊற்றினேன். ஆனால் இதே வழக்கை நான் பத்து வயதிலேயே விசாரித்து முடித்திருக்கிறேன். என்னோடு சேர்ந்து விசாரித்தவள் என் பெரியம்மா. அன்றைக்கு அந்த வழக்கில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது என்றுதான் நாங்கள் இருவரும் நம்பினோம்.

அப்போது அப்பாவுக்குப் பழவங்காடிப் பிள்ளையார் கோவில் பக்கத்தில் தேங்காய்க்கடை. பிள்ளையார் முன்னால் உடைக்க வருகிறவர்களுக்குத் தேங்காய் விற்றே எங்கள் குடும்பம் நடந்தது. பிள்ளையார் போட்ட சோறு என்று இன்றைக்கும் சொல்வேன். வீட்டில் எங்களோடு, பெரியப்பா இறந்தபிறகு வந்துவிட்ட அம்மாவின் அக்காவான பெரியம்மாவும், அவர்கள் இருவருக்கும் கடைசித் தம்பியான மாமாவும் இருந்தார்கள். மாமாவுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனிக்குள் என்ன செய்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாலையில் சம்பளக்காரனுக்குரிய களைப்போடு திரும்பி வருவார் என்பது மட்டும் தெரியும்.

அது ஆடி மாதம். மலையாளத்தில் கர்க்கடகம் என்பார்கள். மழை விடாமல் கொட்டும். விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு பாராயணம் நடக்கும். எங்கள் வீட்டில் படிப்பவள் பெரியம்மா. அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. துக்கமான கட்டத்தில் ஏட்டை மூடக் கூடாது. போர்க்களத்தில் இளையவரும் வானர சேனையும் அம்பு தைத்து உணர்வற்றுக் கிடக்கிற இடம் வந்தால், எத்தனை நாழிகை ஆனாலும் சரி, அவர்கள் எழுந்து உட்காரும் வரைக்கும் படித்துவிட்டுத்தான் நிறுத்துவாள். நடுவில் பலகையை விட்டு யாரும் எழுந்திருக்கவும் கூடாது. எழுப்பாமல் விட்டால் கேட்டவர் வீட்டில் யாராவது விழுவார்கள் என்பது அவள் கணக்கு. எனக்கு அது பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி, கேள்வியே கிடையாது.

பெரியம்மா படித்து முடித்ததும் மாமாவின் பாராயணம் தொடங்கும். ஆபீஸ் பஸ்ஸில் போகவர ஓர் ஆங்கில நாவலைப் படித்துவிட்டு, அன்றன்றைக்குப் படித்ததை எனக்குத் தமிழில் சொல்வார். நான் கேட்ட மாதிரியே பெரியம்மாவும் கேட்டாள். ஆனால் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள வெற்றிலை கிள்ளிக்கொண்டிருப்பாள்.

கதை இதுதான். தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்கு ஒரு கப்பல் வானத்தில் போகிறது. போய்ச் சேரப் பல காலம் ஆகும் என்பதால், ஜனங்களை முறைவைத்துக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உறங்க வைக்கிறார்கள். உறங்க வைத்து எழுப்புகிற டாக்டர் ஒருவன். சுருட்டை முடி, மெல்லிய குரல், பொய்யே பேசாதவன். அவனுடைய தங்கைக்குத் தீராத நோய் வருகிறது. மருந்து கண்டுபிடிக்கும்வரை கிடக்கட்டும் என்று அவளை ஒரு தனிப் பெட்டியில் உறங்க வைத்து, தலைமாட்டில் ஒரு நீல விளக்கு வைக்கிறான். அதன்பிறகுதான் அவன் புத்தி மாறுகிறது. மற்றவர்கள் விழித்திருந்தால் இருக்கிற மருந்தும் காற்றும் செலவாகிவிடுமே என்று ஒவ்வொருவராக உறங்க வைக்கிறான். யாரையும் எழுப்புவதில்லை. நான் அவனுக்கு உறக்க டாக்டர் என்று பெயர் வைத்தேன். பெரியம்மா வைத்த பெயர் ஒறக்க ராச்சசன்.

இந்தக் கதை நடந்துகொண்டிருக்கும்போதே மாமாவுக்கு வயிற்றுவலி வந்தது. பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் உறங்க வைத்துச் செய்வோம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். அம்மா அதை வீட்டில் வந்து ஆறுதலாகச் சொன்னாள். உறங்க வைப்போம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உறக்க டாக்டர்தான் நினைவுக்கு வந்தான்.

ஆஸ்பத்திரியில் சேரப் போகிற அன்று சாயங்காலம், மாமா பையை எடுத்து வைத்துக்கொண்டே நாவலின் கடைசிப் பகுதியைச் சொன்னார். கப்பலில் விழித்திருந்த கடைசி ஆளையும் டாக்டர் உறங்க வைத்துவிட்டான். வரிசை வரிசையாகப் பெட்டிகள். நடுவில் அவன் ஒருவனாக நடந்து போய் விளக்கை அணைக்கிறான். அப்புறம் என்று கேட்டேன். அவ்வளவுதான், புஸ்தகம் தீர்ந்தது என்றார்.

பெரியம்மாவுக்கு வெற்றிலை கையிலேயே நின்றுவிட்டது.

"எலே, எல்லாத்தையும் கெடத்திப் போட்டுட்டா நிறுத்துவே? எழுப்ப வேண்டாமா?"

"இது முன்கதையாக்கும் அக்கா. படம்தான் ஆதியில வந்தது. அது ஜெயிச்ச பொறவு, அதுல வந்த வில்லன் எப்படி வில்லனானான்னு வேற ஒருத்தர் புஸ்தகம் எழுதினாரு. எழுப்புறதெல்லாம் படத்துல."

"அப்பம் படத்தைச் சொல்லிட்டுப் போ."

"வந்து சொல்லுதேன்."

வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் ஏறிக்கொண்டார்கள். மாமா எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார். வந்து சொல்கிறேன் என்றவர் வர வேண்டுமே என்ற கவலையை நான் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அன்றைக்குப் பாராயணத்தில் அவள், படிக்க வேண்டியதைப் படித்து முடித்தபிறகும், பட்டாபிஷேகக் கட்டத்தைப் பிரித்து வைத்து ஒருமுறை கூடுதலாகப் படித்தாள்.

காலையில் மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பெரியம்மா குளித்து, திருநீறு பூசி, மாமாவின் நாவலை எடுத்து ஒரு பாலித்தீன் பைக்குள் வைத்தாள். குடை எடு மக்கா என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

சி.டி. வாடகைக்கு விடுகிற கடை எங்கள் தெருமுனையிலேயே இருந்தது. அப்போதுதான் கதவைத் தூக்கியிருந்தார் மலையாளிக் கடைக்காரர். பெரியம்மா நாவலின் அட்டையைக் காட்டி, இந்தக் கப்பல் வருகிற படம் வேண்டும் என்றாள். அவர் அட்டையையும் அவள் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மே, இது பக்திப் படம் அல்ல, கேட்டோ."

"தெரியும் பிள்ளே. கடைசியில எல்லாரும் எழுந்திருப்பாங்கல்லா? அது போதும்."

எழுந்திருப்பார்கள் என்று அவர் உறுதி சொன்ன பிறகுதான் குடையை விரித்தாள்.

வீட்டுக்கு வந்து கர்க்கடக மாதத்து மருந்துக் கஞ்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு, டி.வி. முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தாள். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். முடிகிறவரை எழுந்திருக்கப்படாது என்றாள். பாராயணத்துக்குச் சொல்கிற அதே குரல். படம் ஆங்கிலத்தில் ஓடியது. எங்கள் இருவருக்கும் ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் கப்பல் அதே கப்பல். பெட்டிகள் அதே பெட்டிகள். வெளியிலிருந்து இன்னொரு சிறிய கப்பலில் ஒரு பெண் வந்து இறங்குகிறாள். அவளை வரவேற்கிறான் டாக்டர்.

எனக்குத் திக்கென்றது. அவன் மொட்டை. குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. சும்மா சும்மா சிரிக்கிறான். எங்கள் டாக்டர் ஒரு தடவைகூடச் சிரித்ததாக மாமா சொன்னதில்லை.

"பெரியம்மா, இது வேற ஆளு."

"வயசானா முடி கொட்டாதா? ஒங்கப்பனைப் பாரு."

"கெட்டவனா இருக்கானே. தங்கச்சி பெட்டிப் பக்கமே போக மாட்டேங்கான்."

அவளுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். திரையைப் பார்த்தபடியே சொன்னாள். முதலில் கதை சொன்னவனுக்கு அவன் வெறும் ராட்சசன். பிறகு வந்தவன்தான் அவன் எந்தச் சாபத்தால் இப்படி ஆனான் என்று யோசிக்கிறான். நம்முடைய அசுரர்களுக்கும் பூர்வ ஜன்மக் கதை அப்படித்தானே வந்திருக்கும் என்றாள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. பூர்வ ஜன்மத்தில் ஒருவன், இந்த ஜன்மத்தில் வேறொருவன் என்றால், இவன் பெட்டிகளைத் திறந்தால் அவன் மூடிய பெட்டிகள் திறந்ததாக ஆகுமா? மாமா பாதியில் விட்டுப் போனது அவனுடைய கதையை அல்லவா? ஆள் ஒன்றுதான் என்று நிச்சயமாகத் தெரியாமல் நான் எப்படி நிம்மதியாக இருப்பது?

முதல் சி.டி. முடிந்து இரண்டாவது போட்டோம். அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரிந்துவிட்டது. தப்பி ஓடுகிறாள். மொட்டை டாக்டர் அவளைப் பிடித்துப் பெட்டிக்குள் தள்ளி மூடியை இறக்குகிறான். கண்ணாடிக்குள்ளிருந்து அவள் கையால் தட்டுகிறாள். தட்டுவது மெதுவாகிக்கொண்டே வருகிறது. அந்த இடத்தில் கரண்ட் போனது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியம்மா ஏதோ ஜபிக்கத் தொடங்கினாள். கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை அடுக்களையிலிருந்து வந்தது. அவள் அசையவில்லை. அப்போது டெலிபோன் அடித்தது.

நான் எழுந்திருக்கப் போனேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருக்கட்டும். கதை முடியல்ல."

அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவ்வளவு நீளமாக அது அடித்து நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்துதான் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் கதையில் எல்லாரும் கிடக்கிறார்கள். இப்போது எடுத்தால் என்ன செய்தி வரும் என்று எனக்கும் பயம்தான். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜபித்தாள். என் கையை விடவில்லை.

கரண்ட் வந்தது. பாழாய்ப்போன சி.டி. முதலிலிருந்து ஓடியது. ஒரு கையால் ரிமோட்டை அழுத்தி ஓட்டி ஓட்டி அந்த இடத்துக்கு வந்தேன். தட்டுகிற கை நின்றுவிடுமோ என்று பார்த்தால், அவள் தலைமுடியில் இருந்த ஊசியை எடுத்துப் பெட்டியின் ஏதோ ஒரு கம்பியை நெம்பிவிட்டாள். வெளியே வந்து அவனோடு மல்லுக்கட்டினாள். அவன் கப்பலின் கதவு வழியாக வானத்துக்குள் விழுந்து போனான். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தப் பெண் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூடிகள் மேலே எழ, உள்ளே இருந்தவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அந்த வரிசைகளைத் தாண்டி ஒரு மூலையில் ஒரு பெட்டி தனியாக இருந்தது. தலைமாட்டில் நீல விளக்கு. அந்தப் பெண் போகிறபோக்கில் அதையும் திறந்தாள். உள்ளே ஒரு சுருட்டை முடிச் சின்னப்பெண் எழுந்து, யாரையோ தேடுகிற மாதிரி அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். கண் சிமிட்டுகிற நேரம்தான் காட்டினார்கள். படத்தில் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவன் தங்கச்சி பெரியம்மா. அதே ஆளுதான்."

பெரியம்மா தலையை ஆட்டினாள். படம் எடுத்தவர்கள் உள்ளே இருப்பது யாரென்று சொல்லாமல் விட்ட அந்தப் பெட்டியிலிருந்துதான், பின்னால் வந்தவர் தன் முழு நாவலையும் எழுதி எடுத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதே விளங்கியது. ஆள் ஒன்று. கதை ஒன்று. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

திரையில் எழுத்து ஓடத் தொடங்கியதும் டெலிபோன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை நான் ஓடிப்போய் எடுத்தேன். அம்மா கோபத்தில் இருந்தாள். எத்தனை தடவை அடிப்பது, இரண்டு பேரும் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கேட்டாள். பிறகு குரல் உடைந்து, மாமா முழிச்சாச்சு மோளே, பெரியம்மாட்ட சொல்லு என்றாள். நான் சொல்வதற்கு முன்பே பெரியம்மா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பூஜை அறைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. கஞ்சிப் பானை கரியாகிப் போயிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் அப்பா தம் கடையிலிருந்தே தேங்காய்களை எடுத்துப் போய்ப் பிள்ளையாருக்கு உடைத்தார். கைமுதல் போட்ட சரக்கை அவர் அப்படி மனம் குளிர உடைத்து நான் பார்த்ததில்லை.

பிறகு அம்மா சொன்னதிலிருந்து கணக்குப் பார்த்தால், கரண்ட் இல்லாத நேரத்தில் அடித்த டெலிபோனே அந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான் அடித்திருக்கிறது. அதாவது, படத்தில் யாரும் எழுந்திருப்பதற்கு முன்பே மாமா எழுந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே. பெரியம்மாவும் சிரித்தாள்.

என் மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்த தடம் இரண்டு நாள் கன்றிக் கிடந்தது. பெரியப்பா ஒரு சின்ன ஆபரேஷனுக்கு என்று உள்ளே போய்த்தான் திரும்பாமல் போனார் என்பதும், பெரியம்மா வீட்டில் தனியாக இருந்தபோது அந்தச் செய்தியோடு வந்த டெலிபோனை அவளே எடுத்தாள் என்பதும், எனக்குக் கல்யாணம் ஆகிப் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு அந்தத் தடத்தைக் காட்டி, ஏன் பெரியம்மா இவ்வளவு இறுக்கிப் பிடிச்சே என்று கேட்டேன். நடுவில் எழுந்திருக்கப்படாதுல்லா மக்கா, அதுக்குத்தான் என்றாள். விதி என்றால் விதிதானே என்று நானும் தலையாட்டிவிட்டு விளையாடப் போனேன்.