நாலு கோருக்கும் ஒரே வரிசை

ஆமத்தூர் நாகஜோதிக்கு என்ன வேலை என்று கேட்டால் அவளுடைய அப்பாவே ஒரு நிமிடம் முழிப்பார். கம்ப்யூட்டர் பலகைக்கும் அதில் ஓடும் புரோகிராம்களுக்கும் நடுவில் நின்று, பலகையின் எந்தப் பாகம் யாருக்கு எப்போது என்று முறை வைக்கிற டிரைவர் மென்பொருளை எழுதுகிறவள் அவள். பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருந்தவள், சொந்த ஊர்ப் பக்கமே தொழில் செய்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டாள். துணிச்சல்காரிதான், போங்கள்.

முதல் ஆர்டர் சிவகாசியில் ஓர் அச்சகம். அண்ணன் மாரிசாமிக்கு ஓர் ஆப்செட் மெஷின், தம்பி சரவணக்குமாருக்கு ஒன்று. கூரை மட்டும் பொது. பட்டாசுப் பெட்டி லேபிள்களில் கலர் விலகியிருக்கிறதா என்று ஒவ்வொரு ஷீட்டையும் கேமரா படம் பிடிக்கும். படத்தைச் சோதித்து, விலகியிருந்தால் மணி அடித்து மெஷினை நிறுத்துவது பலகை. அதில் நாலு கோர், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை பார்க்கும் நாலு மூளை.

"ஆளுக்கு ரெண்டுன்னு பிரிச்சிரு தாயி. பின்னால பேச்சு வரக் கூடாது" என்றார் மாரிசாமி.

நாகஜோதியும் அப்படியே எழுதிவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தேங்காயைக்கூடப் பெரியப்பா வீடும் இவர்கள் வீடும் முறை போட்டுப் பறிக்கிற குடும்பத்தில் வளர்ந்தவளுக்குப் பங்கு பிரித்தால்தான் நியாயமாகத் தோன்றும்.

சீசன் சூடு பிடித்தது. கலர் மாற்றுவதற்காக ரோலரைக் கழுவிக்கொண்டு அண்ணன் மெஷின் நிற்கும். தம்பி மெஷின் பறக்கும். தம்பியின் இரண்டு கோரும் திணறும். அவை சோதித்து முடிப்பதற்குள் ஷீட் தாண்டிப் போய்விடும். அண்ணனுடைய இரண்டும் ஹாயாகச் சும்மா கிடக்கும். கலர் விலகிய மத்தாப்பு லேபிள் ஒரு லோடு திரும்பியே வந்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் பலகையைக் கழற்றிவிடுவதாகச் சரவணக்குமார் சொல்லிவிட்டான். கழற்றினால் நாகஜோதி மறுபடி பெங்களூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பங்கையே எடுத்துவிடலாம் என்றாள். இரண்டு மெஷின் படங்களும் ஒரே வரிசையில் வந்த முறைப்படி நிற்கட்டும். எந்தக் கோர் சும்மா இருக்கிறதோ அது அடுத்ததை எடுக்கட்டும். தம்பி உடனே சரி என்றான். அண்ணனுக்கு முகம் கடுகடுத்தது.

"என் பங்கு அவனுக்கு ஓடணுமாக்கும்? எனக்கு வேணுங்கறப்ப நான் என்ன செய்ய?"

"உங்க ஷீட்டு வந்தா கண்ணு இமைக்கிறதுக்குள்ள ஒரு கோர் கிடைச்சிரும் அண்ணாச்சி. ஒரு நாள் பாருங்க. உங்களுக்குப் பிந்துச்சுன்னா நானே கழட்டிட்டுப் போயிர்றேன்."

வாயை விட்டாயிற்று. முதல் ஓட்டத்திலேயே சொதப்பல். இரண்டு கோர்கள் ஒரே நொடியில் வரிசையில் கை வைத்து ஒரே படத்தைத் தூக்கிக்கொண்டன. அடுத்த படத்தைச் சீந்த ஆளில்லை. நாகஜோதி தலையில் அடித்துக்கொண்டு வரிசைக்கு ஒரு பூட்டுப் போட்டாள். ஒரு நேரத்தில் ஒரு கோர்தான் உள்ளே கை விடலாம். படத்தை எடுத்த கையோடு பூட்டை விட்டுவிட வேண்டும். சோதனை முடிகிற வரை பிடித்து வைத்திருக்கிற சோலியே கிடையாது.

மறுநாள் தம்பிக்குப் பேப்பர் லோடு வந்து சேரவில்லை. அவன் மெஷின் நின்றுவிட, அண்ணன் மெஷின் ராக்கெட் லேபிளை முழு வேகத்தில் தள்ளியது. நாலு கோரும் அவருக்கே ஓடின. மதியத்துக்கு முன்னால் மணி அடித்து மெஷின் தானாக நின்றது. மாரிசாமி அந்த ஷீட்டை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். சிவப்பு மயிரிழை விலகியிருந்தது. பழைய பங்குப்படி இரண்டே கோர் என்றால் அது கட்டோடு கட்டாகப் போயிருக்கும்.

"இதைப் பாத்தது யாரு கோரு?" என்று கேட்டார்.

"அது எனக்கே தெரியாது அண்ணாச்சி. எது சும்மா இருந்துச்சோ அது."

மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்த சரவணக்குமார், யாருடைய கோர் பிடித்தது என்றான்.

"நம்மளதுதாம்லே" என்றார் மாரிசாமி. பிறகு நாகஜோதியிடம், கழற்றுகிற பேச்சையே எடுக்கக் கூடாது, கட்டிங் மெஷினுக்கும் ஒன்று மாட்ட வேண்டும், எப்போது வருவாய் என்று அதட்டலாகக் கேட்டார்.

வெளியே வந்ததும் நாகஜோதி அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, நான் இங்கனதான் இருக்கப் போறேன்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தெரு என்றும் பார்க்காமல் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.