டென்மார்க்காரர் நமக்கு என்ன முறை?

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் ஃபிளாட் நண்பர் வீட்டில் டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர் பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆட்டத்தைவிட ஆட்டக்காரர்களின் பூர்வீகம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

திரையில் ஒரு ஸ்ட்ரைக்கர். வேற்று நாட்டிலிருந்து அந்த க்ளப்புக்குப் புதிதாக வந்திருக்கிறார். பழைய இடத்தில் கோலாகப் போட்டுத் தள்ளியவராம். இங்கே வந்த நாளிலிருந்து ஒன்றுகூட அடிக்கவில்லை. கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போனது. பாவம்... கல்யாண வீட்டில் யாரையும் தெரியாமல் தனியாக உட்கார்ந்திருப்பவர் முகம் மாதிரி இருந்தது.

"செட் ஆகலை சார்," என்றார் நண்பர். "க்ளைமேட், சாப்பாடு, லாங்க்வேஜ்... எல்லாம் புதுசு. டைம் எடுக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

காரணம் இருக்கிறது. வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் ஒருவரோடு நானே ஒரே டீமில் ஆடியிருக்கிறேன். நம்பித்தான் ஆகவேண்டும்! அவரும் மூன்று மாதம் கோல் போடவில்லை. அதற்குக் காரணம் க்ளைமேட் இல்லை. நான். நானும் என் சொந்தக்காரர்களும்.

எழுபதுகளின் தொடக்கம். தருமபுரியிலிருந்து இண்டூர் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். தொடர்ந்து மழையில்லை. ஏரி காய்ந்து தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. பெரியவர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நாங்கள் நான்கு கம்புகளை நட்டு கோல் போஸ்ட் ஆக்கிவிட்டோம். அந்த வயதில் வேறென்ன தோன்றும்?

கிணறுகளில் அடிப்பாறை தெரிந்ததும், பாறையைத் துளைத்து போர் போடுகிற ராட்சத மெஷின் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. அதை ஓட்ட நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க டென்மார்க்கிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் லார்ஸ். வயது இருபத்தாறு. ஆறு மாதம் இருப்பதாக ஏற்பாடு. மாதா கோயிலை ஒட்டி ஓர் அறையைச் சாமியார் ஒதுக்கிக் கொடுத்தார்.

வந்த இரண்டாம் நாள் சாயங்காலம், அரை டிராயரோடு ஏரிக்குள் இறங்கி வந்தார். கையில் சொந்த பூட்ஸ்! அவர் ஊர் க்ளப்பில் சென்டர் ஃபார்வர்டாம். பந்தை முழங்காலில் தட்டி, தலையில் தட்டி, தோளில் உருட்டி மறுபடி காலுக்குக் கொண்டுவந்தார். எங்களுக்கு மூச்சே வரவில்லை.

எங்கள் கேப்டன் சின்னப்பன் என் தாய்மாமன் மகன். டிராக்டர் ஓட்டுவான். என் காதைக் கடித்தான். "மச்சான்... இந்த வருசம் ஏரியூர்காரன் தொலைஞ்சான்டா!"

ஏரியூர் டீமிடம் வருஷா வருஷம் தோற்பது எங்களுக்கு ஒரு சம்பிரதாயம்.

லார்ஸ் செட் ஆகவில்லை என்றா நினைக்கிறீர்கள்? பதினைந்தே நாளில் வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டப் பழகினார். களியை முதல் நாள் மென்றார்... ஐயோ, பார்க்கச் சகிக்கவில்லை. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. உருட்டி, குழம்பில் தோய்த்து, பல் படாமல் விழுங்க வேண்டும் என்று எங்கள் அம்மா தானே விழுங்கிக் காட்டினாள். இரண்டாவது வாரம் ஓர் உருண்டை முழுசாக உள்ளே போனது. "சாப்ட்டாச்சா?" என்று எதிரில் வருகிறவர்களை விசாரிக்கவும் கற்றுக்கொண்டார்.

க்ளைமேட் பாஸ். சாப்பாடு பாஸ். ஃபுட்பால் மட்டும் ஃபெயில்!

அவர் ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது. சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் ஓடி நிற்பார். கையைத் தூக்குவார். பந்துதான் வராது.

மூன்று மாதம் கழித்து, ஏரியூர் மேட்ச்சுக்கு இரண்டு நாள் முன்பு, மெஷின் ஓடிக்கொண்டிருந்த கொல்லையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் தருமபுரி காலேஜில் பி.ஏ. கடைசி வருஷம். ஊரில் அவரோடு இங்கிலீஷ் பேச நானும் சாமியாரும்தான். இங்கிலீஷ் அவருக்கும் அன்னியம், எனக்கும் அன்னியம். அதனால் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

"நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லையே! ஏன்?"

"எல்லாரும் சிரிக்கிறீர்கள். டீ வாங்கித் தருகிறீர்கள். உட்கார நாற்காலி போடுகிறீர்கள். பந்தை மட்டும் தரமாட்டேன் என்கிறீர்கள்."

அவர் கோபமாகவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமையோடு ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறேன். தருமபுரியில் ரூம் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் ஜீப் வரும். இனிமேல் அங்கிருந்தே வேலைக்கு வந்து போகிறேன். இங்கே அறையில் தனியாக உட்கார்ந்திருப்பது முடியவில்லை. அங்கே யாரையும் எனக்குத் தெரியாது... அதனால் அங்கே தனியாக இருந்தால் வருத்தமாக இருக்காது, இல்லையா?"

சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க ஒரே யோசனை. நான் லெஃப்ட் அவுட். ஓரமாகப் பந்தை எடுத்துப்போய் அவருக்கு நடுவில் போடவேண்டியவன் நான்தான். மூன்று மாதமாக எத்தனை முறை போட்டேன்? ஏன் போடவில்லை? அவர் மேல் எனக்குப் பிரியம்தானே?

சாவடிப் புளியமரத்தைத் தாண்டும்போது உறைத்தது.

ஓடுகிற ஓட்டத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று நாங்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. குரல் வந்த பக்கம் உதைப்போம், அவ்வளவுதான். எங்கள் டீமில் குரல் என்றால் என்ன? "மச்சான், இங்க!" "மாமா, எட்ரா எட்ரா!" "சித்தப்பா, உட்றாத!" பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு முறை. வேதக்காரர் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவரும் இந்துவும் கலந்த டீம்தான், ஆனால் ஊர் முறை எல்லாருக்கும் உண்டு. எங்கள் ஃபுல்பேக் மாதையனுக்குப் பத்தொன்பது வயது. எனக்கு அவன் சித்தப்பா முறை!

லார்ஸுக்கு மட்டும் முறை இல்லை. அவர் 'சார்'.

சாரை எப்படி அதட்டுவது? "சார், பந்து வருதுங்க சார், கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க சார்..." என்று சொல்லி முடிப்பதற்குள் எதிராளி பந்தைப் பிடுங்கி நம் கோலுக்கே போய்விடுவான். அவர் "ஹேய்! ஹேய்!" என்று கத்துவார். அது எங்கள் காதுக்கு யாரோ ரோட்டில் போகிறவன் சத்தம். மச்சான் குரல் கேட்ட பக்கம் கால் தானாகத் திரும்பிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் டீம் எங்கள் வீட்டு வாசலில் கூடியது. விஷயத்தைச் சொன்னேன். எல்லாருக்கும் முகம் தொங்கிவிட்டது.

"அவ்ளோதானடா? நாளைக்கு மச்சான்னு கூப்ட்டுட்டாப் போச்சு," என்றான் சின்னப்பன்.

அங்கேதான் சிக்கல். வழியோடு போன என் மாமா, சின்னப்பனுடைய அப்பா, அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். அவருக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தாள்.

"யார்றா மச்சான்? வூட்ல வயசுப் பொண்ணு இருக்குது. நீ மச்சான்னா ஊரு என்னாடா பேசும்?"

"அப்ப பங்காளின்னு கூப்புடட்டுமா?"

"எவன் வூட்டுப் பங்காளி?" என்றான் மாதையன். "ஒருத்தன் பங்காளின்னா இன்னொருத்தனுக்கு அவன் மாமன் ஆயிருவான். எனக்கு என்னா ஆவான்? அத மொதல்ல சொல்லு!"

நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் ஒருவரோடு மட்டும் உறவு வைத்துக்கொள்ள முடியாது. ஒரு முனையைக் கட்டினால் ஊர் மொத்தமும் வந்து மாட்டிக்கொள்ளும். குச்சியால் தரையில் கோடு போட்டு வம்சாவளி வரைந்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லார்ஸை எங்கே வைத்தாலும் யாரோ ஒருவருக்கு இடித்தது.

எங்கள் அம்மா அந்தப் பக்கமாக உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"ஏன்டா, இத்தன ஆம்பளைங்க குந்திக்கினு ஒரு புள்ளைக்கு முறை சொல்லத் தெரியல? அவன் எம் மூத்த மவன். இவனுக்கு அண்ணன். மீதிய நீங்களே கணக்குப் போட்டுக்கங்க."

'இவன்' என்றது என்னை.

மாமா வாயெடுத்தார். "அக்கா, அப்படீன்னா எம் பொண்ணுக்கு..."

"பயப்படாத. நான் ஒண்ணும் அவனுக்குப் பொண்ணு கேட்டு வரமாட்டன். எனக்கு இன்னொரு மவன் இருக்கறான்."

மாமா என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். என்ன நினைத்தாரோ!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு உள்ளே சுருக்கென்றது. இருபது வருஷமாக அந்த வீட்டின் மூத்த மகன் நான். ஒரு முறம் கடலை உரிக்கிற நேரத்தில் என்னை இரண்டாவதாக்கிவிட்டாளே! சிரித்து வைத்தேன். ஆனால் சுருக்கென்றது நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லார்ஸைப் பிடித்து விவரம் சொன்னேன். இவன் உங்களுக்கு மச்சான், அவன் சித்தப்பா, நான் தம்பி. அவர் பாட்டுக்குத் தலையாட்டினார். முகத்தில் மாற்றமே இல்லை. அவருடைய பெட்டி கட்டித் தயாராக அறை மூலையில் இருந்ததை நான் பார்த்தேன்.

ஏரியூர் மைதானம். நல்ல கூட்டம். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். எங்களுக்கோ வாயில் பழைய 'சார்'தான் வந்தது. மூன்று மாதப் பழக்கம் லேசில் போகுமா?

இரண்டாவது பாதி. லெஃப்டில் பந்து என் காலில். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். வலது பக்கத்திலிருந்து "மச்சான்! மச்சான்!" என்று சின்னப்பன் கத்துகிறான். என் கால் பாதி திரும்பிவிட்டது. அப்போது நடுவிலிருந்து ஒரு குரல். உச்சரிப்பு படு மோசம்.

"தம்பீ!"

அந்தக் குரல் வந்த பக்கம் கால் தானாகத் திரும்பியது. "அண்ணா! புடிண்ணா!" என்று கத்திக்கொண்டே உதைத்தேன்.

பந்து அவர் முன்னால் அழகாக விழுந்தது. எதிரில் கோல்கீப்பர் ஒருவன் மட்டும். லார்ஸ் ஓடி வந்து ஒரே அடி. பந்து கோலுக்கு மேலே பறந்து, கூட்டத்தைத் தாண்டி, கரும்புச் சாறு விற்கிற வண்டிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

முதலில் சின்னப்பன்தான் ஆரம்பித்தான். "டேய் மச்சான்! கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது? அவ்ளோ பெரிய கோலு தெரியலயா உனக்கு?"

"ஏன்டா மவனே, மானத்த வாங்கறதுக்குன்னே கப்பலேறி வந்தியா?" இது பத்தொன்பது வயது சித்தப்பா.

கோல்கீப்பர் அந்தக் கோடியிலிருந்து திட்டினான். எங்கள் பக்கத்து ஆட்கள் கோட்டுக்கு வெளியே நின்று திட்டினார்கள். இதற்கு முன்னால் அவர் பந்தைத் தவறவிட்டால், "பரவால்லைங்க சார்" என்று எல்லாரும் கை தட்டுவோம். இன்றைக்கு ஒருவர்கூடத் தட்டவில்லை.

லார்ஸ் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறார்கள்?" என்றார்.

ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். கண் பிடரியில் இருப்பது உட்பட.

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குத் திக்கென்றது... போச்சு, இப்போதே கிளம்பிவிடப் போகிறார்! அவர் நேராக என்னிடம் வந்தார். விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"தம்பி! பாஸ் லேட்!"

ஊரெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினார். முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. லேட்தான். நான் மறுக்கவில்லை.

ஒரு மனிதரை வெளியே நிறுத்த அவரை அவமானப்படுத்த வேண்டியதில்லை. ஓயாமல் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தாலே போதும். நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, நாம் கீழே வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அவர் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

மேட்ச்? தோற்றோம். சம்பிரதாயத்தை விட முடியுமா?

திங்கட்கிழமை காலை ஜீப் வந்தது. லார்ஸ் வெளியே வந்து டிரைவரிடம் என்னவோ சொன்னார். ஜீப் காலியாகத் திரும்பிப் போனது.

அன்று சாயங்காலம் ஏரிக்குப் போனால், எனக்கு முன்பே வந்து சின்னப்பனிடம் ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று விசாரித்தேன். தம்பிக்கு இடது கால் சரியில்லையாம், லெஃப்ட் அவுட்டுக்கு வேறு ஆள் போடவேண்டுமாம்...

அண்ணன் என்று ஒருவர் வந்துவிட்டால், முதல் வேலையாக வேறென்ன செய்வார்!