பிரித்து வைத்தவள்

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அளப்பாள் என் மனைவி. இடது கையில் பாடம் செய்த உள்ளான், வலது கையில் வெர்னியர் என்ற எஃகு அளவுகோல். அதன் தாடை அலகின் நுனியைத் தொட்டதும் "ம்" என்பாள். பிறகுதான் மூச்சு வரும். அருங்காட்சியகத்தின் பின்புற அறையில், பூச்சி மருந்து வாடைக்கு நடுவே, வருடக்கணக்காக இந்த "ம்" கேட்டுக்கொண்டிருக்கிறது.

சேற்றுக்கரையில் நடந்து புழு கொத்தித் தின்னும் சின்னப் பறவைகள் அவை. எல்லாம் பழுப்பு, எல்லாம் ஒரே அச்சு. எது எந்த இனம் என்று பிரிப்பதுதான் அவளுடைய உத்தியோகம். நானோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கொடுப்பவன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. "கடையில இருக்கிற லென்ஸ் அத்தனையும் மாட்டினாலும் உங்களுக்குத் தெரியாதுங்க" என்பாள்.

அவளுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? என் தங்கைக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி குட்டை. இன்றைக்கும் இவள் பெயரை மாற்றித்தான் கூப்பிடுவாள். "மூக்கு ரெண்டு பேருக்கும் ஒரே நீளம். நான் என்ன பண்றது?" என்று அவளே தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் பேர் வாங்கியது ஒரே காரியத்தால். ஒரே இனம் என்று எல்லாரும் நம்பியிருந்த ஓர் உள்ளானை இரண்டாகப் பிரித்தாள். அலகு நீண்டது ஓர் இனம். குட்டையானது வேறு இனம். பாடம் செய்த அந்தப் பழைய பறவைகளில் ஆண், பெண் என்ற குறிப்பு கிடையாது. பார்த்தாலும் தெரியாது. அலகை நம்பினாள். பறவை நூல்களில் இரண்டு படங்கள் வந்தன. அலுவலகத்தில் அவள் 'உள்ளானம்மா' ஆனாள். நானும், எழுத்துப் பலகையைப் படிக்கத் திணறுகிறவர்களைக்கூட விடாமல், கடையில் எல்லாரிடமும் இதைச் சொல்லிவைத்தேன்.

போன மழைக்காலத்தில் மரபணு ஆய்வகத்துக்காரர் வந்தார். அவளுடைய மூக்குக்கண்ணாடிக்கு ஃபிரேம் மாற்றி எடுத்துக்கொண்டு நானும் அங்கே போயிருந்தேன். அவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், ரெண்டும் ஒண்ணுதான். நீள அலகு எல்லாம் பொட்டை. குட்டை அலகு எல்லாம் ஆண்."

"சரியாப் பாத்தீங்களா?"

"திரும்பத் திரும்பப் பாத்துட்டேன் மேடம். இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. நீங்க சொல்ற வரைக்கும் சொல்லவும் மாட்டேன்."

அவர் போனதும் நான் மெல்ல ஆரம்பித்தேன்: "ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஆறப்போடேன். பறவையா வந்து கேக்கப்போகுது?"

"நீங்க சும்மா இருங்க. புருஷனையும் பொண்டாட்டியையும் பிரிச்சு வெச்சிருக்கேன். அதுக்குக் கைதட்டல் வேற வாங்கியிருக்கேன்."

பறவையியலார் கூட்டத்தில் அவளே எழுந்து நின்றாள். "இது ரெண்டு இனம் இல்லைங்க, ஒரு தம்பதி. இத்தனை வருஷமா விவாகரத்து வாங்கிக் குடுத்து வெச்சிருந்தது நான்தான்" என்றாள். அரங்கம் அதிரச் சிரித்தது. அவளும் சிரித்தாள். முன்வரிசையில் இருந்த எனக்கு மட்டும், மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தெரிந்தன. ஆய்வகத்துக்காரர் தலையைத் தூக்கவேயில்லை. இறங்கி வந்ததும் அவரிடம் போய், "காபி வாங்கிக் குடுங்க சார். நான் பிரிச்ச குடும்பத்தைச் சேத்து வெச்சவர் நீங்கதானே" என்றாள். அவருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

மறுநாள் அவளோடு அருங்காட்சியகத்துக்குப் போனேன். கீழ் இழுப்பறையிலிருந்த நீள அலகுகளை நான் ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, மேல் இழுப்பறையில் குட்டை அலகுகளின் பக்கத்தில் அவற்றைக் கிடத்தினாள். கடைசிப் பறவையின் கழுத்திறகு கலைந்திருந்தது. அதை விரல் நுனியால் நீவிவிட்டாள். பிறகு, உள்ளே ஒன்றும் அசங்கிவிடாதபடி, இழுப்பறையை இரண்டு கைகளாலும் மெதுவாகத் தள்ளி மூடினாள்.