கிருசாந்தி வைத்த காவல்

கிருசாந்திக்குத் தலையாட்டத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அதற்காக வெயிலில் நின்றாள். கொழும்பில் வேலை பார்த்த கம்பனியில் அதற்காகவே பதவி உயர்வைக் கோட்டைவிட்டாள். வாய்க்காரி என்று ஊர் வைத்த பெயரைப் பட்டம் போலச் சூடிக்கொண்டு கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தவள், நெல் விவசாயிகள் சங்கமொன்றில் கணினி வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்தச் சங்கத்தின் களஞ்சியத்தில் குடும்பங்கள் அறுவடை நெல்லை வைத்திருந்து, விலை ஏறும்போது எடுத்து விற்கும். யாரிடம் எத்தனை மூட்டை இருக்கிறது என்பது சங்கத்துக்கும் அந்தந்தக் குடும்பத்துக்கும் மட்டுமே தெரியும். வியாபாரிகளின் காதுக்கு எட்டினால் வந்தது வினை. வாசலில் வந்து நின்று அடிமாட்டு விலை பேசுவார்கள்.

முகாமையாளர் பிரதாபன் நல்ல மனிதர்தான். ஆனால் புதிதாக ஒன்றைக் கண்டால் தலைகால் புரியாது. சங்கத்தின் இணையத்தளத்தில், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் சாட்பொட் ஒன்று வேண்டுமென்றார். விதைநெல் எப்போது வரும், களஞ்சியம் எப்போது திறக்கும் என்று அது சொல்லட்டும், யார் வேண்டாமென்றது? அவரோ உறுப்பினர்களின் தரவு முழுவதையும் அதற்குத் திறந்துவிடச் சொன்னார். அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினால் கையிருப்பைச் சொல்லுமாம். அதுதான் பூட்டாம்.

கிருசாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வன்னியில் பக்கத்து வீட்டாரின் அடையாள அட்டை இலக்கம் யாருக்குத்தான் தெரியாது? முகாம் பதிவு, மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், நிவாரணம் என்று எத்தனை பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் அது கிடந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் படிவம் நிரப்பிக் கொடுத்தே பாதி ஊருக்கு மனப்பாடம்.

"சேர், இது பூட்டில்லை, திறந்து கிடக்கிற படலை. நான் செய்ய மாட்டன்" என்றாள்.

சாட்பொட்டைத் தொடக்கிவைக்கும் விழாவுக்குக் கொழும்பிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், வேறு ஆளைப் பிடிப்பேன் என்று அவர் மிரட்டினார். தாராளமாகப் பிடிக்கச் சொன்னாள். ஆள் கிடைக்காமல் அவர் திரும்பி வந்தபோது தன் வழியிலேயே செய்தாள். சாட்பொட்டால் தரவுக்குள் காலே வைக்க முடியாது. நடுவில் ஒரு சிறு நிரலைக் காவலுக்கு வைத்தாள். கேள்வி வந்தால், உறுப்பினர் சங்கத்தில் பதிந்த தொலைபேசிக்கு அது ஒரு குறியீட்டை அனுப்பும். குறியீடு சரியென்றால் அவருடைய கையிருப்பை மட்டும் எடுத்துக் கொடுக்கும். எதையும் மாற்ற அதற்கும் உரிமையில்லை. பிரதாபனின் முகம் கறுத்தது. விழா முடியட்டும், உன் வேலையைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் வியாபாரிகளும் இருந்தார்கள். பிரதாபன் பெரிய திரையின் முன் நின்று, உறுப்பினர் விமலேஸ்வரியின் கையிருப்பைக் காட்டுகிறேன் என்று அறிவித்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய அடையாள அட்டை இலக்கத்தை எதையும் பாராமலே தட்டினார். விமலேஸ்வரியின் வீட்டுத்திட்டப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவரே பிரதாபன்தானே. பதிவான தொலைபேசிக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அதே கணம் விமலேஸ்வரியின் கைப்பைக்குள் தொலைபேசி ஒலித்தது.

எல்லாத் தலைகளும் திரும்பின. அந்த நம்பரை ஒருக்கா வாசிக்கும்படி பிரதாபன் சிரித்துக்கொண்டே கேட்டார். இதற்கு மேல் கிருசாந்தி போட்ட எந்தக் காவலாலும் ஒன்றும் செய்ய முடியாது. விமலேஸ்வரியோ எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தறியாதவர், பெரிய மனிதர் கேட்டால் மறுக்கத் தெரியாதவர்.

விமலேஸ்வரி எழுந்தார். குறியீட்டைப் பார்த்தார், பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"சொல்ல மாட்டன் தம்பி. அது என்ர நெல்லு."