கறுப்புப் பூஞ்சையும் வெள்ளை மண்ணும்

வெள்ளைக் களிமண் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த அவளுக்குப் பூஞ்சைக்காரி என்று பெயர் வைத்தவர்கள் உடன் வேலை செய்தவர்கள்தான். கேலிப் பெயர். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மண்ணில் இரும்புக் கறை இருந்தால் சூளையில் சுட்ட ஓடு மஞ்சளடித்துவிடும். கறையைப் போக்கத் தொட்டியில் ஒரு ரசாயனத்தைக் கொட்டுவார்கள். அதன் கந்தக நெடியில் தொட்டிக்காரர்கள் இருமி இருமியே ஓய்ந்தார்கள். அவள் கணவனும் அங்கேதான் இருந்தான். ஒருநாள் அவன் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. அந்த ரசாயனத்தை ஒழித்தே தீருவதென்று அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

சர்க்கரைப் பாகில் வளரும் ஒரு கறுப்புப் பூஞ்சை அமிலம் சுரக்கும், அந்த அமிலம் இரும்பைக் கரைத்து இழுத்துக்கொள்ளும் என்று அவள் படித்திருந்தாள். மேனேஜரிடம் சொன்னாள். அழுக்கை எடுக்க அழுக்கா என்று அவர் சிரித்தார். பூஞ்சை ஆலைக்குள் நுழையவே கூடாது என்றார். அவள் வீட்டுச் சமையலறையில் ஜாடிகளை அடுக்கினாள்.

"பூஞ்சை புடிச்சா எல்லாரும் தொடச்சு எறிவாங்க. நீ புள்ள மாதிரி வளக்குற," என்றாள் மாமியார்.

"உங்க புள்ள நெஞ்சுல மிச்சம் இருக்கறதாவது தங்கணும்னா இது வளரணும் அத்தை."

மாமியார் துணிப் பெட்டியைத் திறந்தாள். ஜாடிகளின் வாயைக் கட்டத் தன் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தாள்.

முதலில் பூஞ்சையோடு சேர்த்தே மண்ணைக் கலந்தாள். மண் சாம்பல் நிறமாகி நாறியது. விஷயம் பரவி ஆலையே சிரித்தது. அடுத்த முறை பூஞ்சையை வடிகட்டிவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் சுடவைத்து ஊற்றினாள். நீர் மெல்ல மஞ்சளானது, மண் வெளுத்தது. சூளைக்காரர் யாருக்கும் தெரியாமல் ஓர் ஓடு சுட்டுக் கொடுத்தார். பளிச்சென்ற வெள்ளை.

மேனேஜர் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நேரம் பிடிக்குமே, பழையதே போதும் என்று கைகழுவினார்.

மறுநாள் காலை அவள் ரசாயன டிரம்மின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தொட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றார்கள். வேலை போய்விடும் என்று மேனேஜர் மிரட்டினார்.

"எழுதிக் குடுங்க சார், வாங்கிக்கறேன். எறங்க மாட்டேன்."

வேலை நின்றுபோனதால் சாயங்காலத்துக்குள் அவள் பூஞ்சை நீருக்கென்று ஒரு தொட்டி கிடைத்தது. கணவனை அதற்கு மாற்றினார்கள். அவன் குரல் முழுதாகத் திரும்பவில்லை. இருமல் மட்டும் அடங்கியது. மற்றத் தொட்டிகளில் இன்னும் பழைய நெடிதான். அடுத்த தொட்டிக்கு அவள் சண்டையைத் தொடங்கிவிட்டாள். மேனேஜர் இப்போதெல்லாம் அவளைத் தூரத்தில் கண்டாலே வேறு வழியாகப் போகிறார்.